அந்த மூணு நாள் கணக்கை எழுதினது யாரு?

கொஞ்சம் நீளமான இழை மக்களே. பாதி வரலாறு, பாதி மருத்துவம். டீ ஒண்ணு போட்டுட்டு வந்து உட்கார்ந்து படிங்க. ஆண்களும் படிக்கணும். "இது எங்களுக்கு எதுக்கு"ன்னு தள்ளிட்டுப் போகாதீங்க.

இப்ப ரீல்ஸ்ல ஒரு விஷயம் ஓடிட்டு இருக்கு. மாதவிடாய்ச் சுழற்சியை நாலு வாரமா பிரிச்சுக்கணுமாம். ரத்தப்போக்கு வாரத்தில் ஓய்வு. அடுத்த வாரம் வெயிட் தூக்கலாம். நடு வாரத்தில் இண்டர்வியூ, மீட்டிங் எல்லாம் வைக்கலாம். கடைசி வாரம் வீட்டைச் சுத்தம் பண்ணலாம். சாப்பாட்டுக்கும் அட்டவணை உண்டு. முதல் பாதியில் ஆளி விதை, பூசணி விதை. பின் பாதியில் எள்ளு, சூரியகாந்தி விதை. "சைக்கிள் சிங்க்" என்று பெயர்.

ஓபிக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி அப்படி ஒரு அட்டவணையை மொபைல்ல காட்டினார். "டாக்டர், எனக்கு 34 நாளைக்கு ஒரு தடவைதான் வருது. இதுல 28 நாள்தான் போட்டிருக்கு. மீதி ஆறு நாள் நான் என்ன சாப்பிடணும்?"

ரொம்ப நல்ல கேள்வி. அந்த அட்டவணையைப் போட்டவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

உடம்பின் போக்கைக் கவனிச்சு வாழறதுல தப்பே இல்லை. சொல்லப்போனா எங்களுக்கு அது பெரிய உதவி. ஆனா "இந்த நாள்ல இதைச் செய், அந்த நாள்ல அதைச் செய்யாதே"ன்னு பெண்ணுக்கு இன்னொருத்தர் அட்டவணை எழுதித் தர்ற பழக்கம் ரீல்ஸ்ல பிறந்தது இல்லை. நவீன மருத்துவத்துக்குள்ளேயே அதுக்கு 150 வருஷ வயசு ஆகுது. அந்த அட்டவணைகளை யார் எழுதினாங்க, எதைப் பார்த்து எழுதினாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா, அடுத்த ரீல்ஸை நீங்களே எடை போட்டுக்கலாம்.

1873. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். பெண்களைக் கல்லூரியில் சேர்க்கலாமா, ஆண்களோடு சேர்த்துப் படிக்க வைக்கலாமா என்று பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்த காலம். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க் என்பவர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அவர் வாதம் இதுதான்: உடம்பில் இருக்கும் சக்தி ஓர் அளவுதான். வயசுக்கு வர்ற பருவத்தில் அந்தச் சக்தி கருப்பைக்கும் சூலகத்துக்கும் போகணும். அந்த நேரத்தில் பெண் பிள்ளை மண்டையைப் போட்டு உடைச்சுப் படிச்சா சக்தி மூளைக்குப் போயிடும், கருப்பை காய்ஞ்சு போயிடும். அதனால பையன் ஆறு மணி நேரம் படிச்சா பொண்ணு நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு மணி நேரம் படிச்சால் போதும். நாலாவது வாரம் வந்தால் படிப்பை நிறுத்தி ஓய்வு கொடுக்கணும்.

கேட்க அக்கறை மாதிரியே இருக்கு இல்லையா?

இதுக்கு அவர் வைத்த ஆதாரம், தான் பார்த்த ஒரு சில நோயாளிகளின் கதை. அவ்வளவுதான். புத்தகம் மறுபடி மறுபடி அச்சாகி வித்துத் தீர்ந்தது. படிக்கப் போன பெண்கள் பயந்துபோனார்கள், பெற்றோர் அதைவிட அதிகமாக.

இதில் எனக்கு உறுத்துவது வேறொரு இடம். அப்போது நியூ இங்கிலாந்தின் நூற்பாலைகளில் இளம்பெண்கள் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவங்களுக்கு ஓய்வு வேணாமா? கிளார்க் அதையும் யோசிச்சிருக்கார். ஆலைப் பெண்கள் மூளையைக் குறைவாகத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் படிக்கிற பெண்களுக்கு வர்ற அளவு கெடுதல் அவர்களுக்கு வராது என்று எழுதிவிட்டார். ஓய்வு என்பது டாக்டரின் மகளுக்கு. தறி ஓட்டுற பொண்ணுக்கு இல்லை.

மறு வருஷமே ஜூலியா வார்ட் ஹோவ் என்ற எழுத்தாளர் பலரிடம் மறுப்புக் கட்டுரைகள் வாங்கி ஒரு புத்தகமாகப் போட்டார். சரியான பதிலடிதான். ஆனாலும் அது கருத்துக்கு எதிர்க்கருத்து. கணக்குப் போட்டுக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் மேரி புட்னம் ஜேகோபி.

1842-ல் பிறந்தவர். அப்பா நியூயார்க்கில் புத்தகப் பதிப்பாளர். மகள் முதலில் மருந்தியல் பட்டம் வாங்கினார், அப்புறம் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம். அதுவும் போதாதுன்னு பாரிஸுக்குப் போனார். அங்கே மருத்துவப் பள்ளியில் அதுவரை பெண்களைச் சேர்த்ததில்லை. விடாமல் கதவைத் தட்டி 1868-ல் உள்ளே போனார், 1871-ல் பட்டத்தோடு வெளியே வந்தார். நியூயார்க் திரும்பி, பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

ஹார்வர்டில் பாய்ல்ஸ்டன் பரிசு என்று ஒன்று உண்டு. மருத்துவக் கட்டுரைப் போட்டி. எழுதியவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது. அந்த வருஷத் தலைப்பு: மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கு உடலுக்கும் மனசுக்கும் ஓய்வு தேவையா, எவ்வளவு தேவை? ஜேகோபி எழுதி அனுப்பினார். 1876-ல் பரிசு அவருக்கு. உறையைப் பிரித்த பிறகுதான் பெண் என்று தெரியும்.

அந்தப் பரிசைக் கொடுத்த ஹார்வர்டு மருத்துவப் பள்ளி பெண்களை மாணவர்களாகச் சேர்த்தது எப்போ தெரியுமா? 1945-ல். சரி, அது தனி இழைக்கான சமாச்சாரம்.

ஜேகோபி செஞ்சது ரொம்ப எளிமையான காரியம். பெண்களிடமே கேட்டார். ஆயிரம் கேள்வித்தாள்களை அனுப்பினார். வலி இருக்கா, எவ்வளவு தூரம் நடக்க முடியும், எத்தனை வருஷம் படிச்சீங்க, உடற்பயிற்சி உண்டா, என்ன வேலை பார்க்கறீங்க, அந்த நாட்களில் ஓய்வு எடுக்கறீங்களா. 268 பேர் பதில் போட்டார்கள். அதில் 35 சதவீதம் பேர் தங்களுக்கு வலியோ சோர்வோ எப்போதும் இருந்ததில்லை என்றார்கள். மற்றவர்களுக்கு ஏதோ ஓரளவு தொந்தரவு இருந்தது. சிலருக்குக் கடுமையாகவே இருந்தது.

அதோடு விடவில்லை. சில பெண்களை நேரில் வைத்து மாதம் முழுக்க அளந்தார். நாடித் துடிப்பைத் தாளில் கோடாக வரையும் கருவி ஒன்று அப்போது இருந்தது, ஸ்பிக்மோகிராஃப் என்று பெயர். அதை மணிக்கட்டில் கட்டி, சுழற்சியின் வெவ்வேறு நாட்களில் பதிவு எடுத்தார். தசை வலிமையைச் சோதித்தார். சிறுநீரில் யூரியா அளவைப் பார்த்தார். ஹார்மோன் என்ற சொல்லே 1905-ல்தான் வரப்போகிறது என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கையில் இருந்த கருவிகளை வைத்து முடிந்த அளவு அளந்திருக்கிறார்.

முடிவு? மாதவிடாய் என்பதற்காக மட்டுமே ஒரு பெண் ஓய்வெடுத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வலி உள்ளவர்களுக்கு ஓய்வு தேவைப்படலாம், அதற்குக் காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைத் தேட வேண்டும். படிப்பால் கருப்பை கெடும் என்பதற்கு அவர் தகவல்களில் ஆதாரமே இல்லை.

இன்றைக்குப் பார்த்தால் அந்த ஆய்வில் ஓட்டைகள் உண்டு. ஆயிரத்தில் 268 தான் பதில். தபாலில் வந்த கேள்வித்தாளுக்குப் பதில் எழுதத் தெரிந்த பெண்கள், அதாவது கொஞ்சம் வசதியானவர்கள். ஆனாலும் ஒரு சில கேஸ் கதைகளுக்கு எதிரே 268 பதில்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஜேகோபியை மேற்கோள் காட்டுறவங்க நிறைய பேர் "ஓய்வு தேவையில்லைன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க"ன்னு முடிச்சிடறாங்க. அவர் முடிவில் ஒரு நிபந்தனை இருக்கு. உடம்புக்கு வேண்டிய ஊட்டம் சரியா கிடைக்கிற பெண்ணுக்கு இது பொருந்தும் என்கிறார்.

அந்த நிபந்தனை இருக்கே, அது எங்க ஓபி வாசல்ல தினமும் வரிசையில நிக்குது.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்கணும். எங்ககிட்ட 7 கிராமோடு வருவாங்க. "ரத்தம் ஏழு பாயிண்ட்தான் இருக்கும்மா, மூச்சு வாங்கலையா?"ன்னு கேட்டா, "மாடிப்படி ஏறினா வாங்கும் டாக்டர், வயசாகுதுல்ல"ம்பாங்க. வயசு 32. பீரியட்ஸ் எத்தனை நாள்னு கேட்டா "எல்லாருக்கும் போல ஒரு எட்டு, பத்து நாள்." எல்லாருக்கும் அப்படி இல்லை. அவங்க அம்மாவுக்கு அப்படி இருந்திருக்கும், அக்காவுக்கு இருந்திருக்கும். அதனால அதுதான் இயல்புன்னு நினைச்சிருப்பாங்க.

இந்தப் பெண்ணுக்கு "மாதவிடாய் இயல்பானது, ஓய்வு தேவையில்லை"ன்னு வசனம் பேசவும் முடியாது, "முதல் வாரம் பூசணி விதை சாப்பிடு"ன்னு அட்டவணை கொடுக்கவும் முடியாது. அதிக ரத்தப்போக்குக்குக் காரணம் என்னன்னு பார்க்கணும். நார்த்திசுக்கட்டியா, தைராய்டா, ஹார்மோன் கோளாறா, ரத்தம் உறையறதுல குறையா. கூடவே இரும்புச்சத்து மாத்திரை. (ஆரம்பத்தில் டீ போட்டுட்டு வரச் சொன்னேன். மாத்திரை போடுறவங்க மாத்திரைக்கும் டீக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பள்ளிக்கூடத்தில் வாராவாரம் தர்ற நீல நிற மாத்திரையைக் குப்பையில போடுற தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.)

ஓய்வு பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாகணும். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஏராளமானோர் கருப்பையை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி 2019-ல் வெளியே வந்து நாடே அதிர்ந்தது. மாநில அரசு குழு அமைத்து விசாரித்தது. 82,000 பெண்களிடம் கேட்டதில் 13,000-க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை நீக்கப்பட்டிருந்தது. வயல்ல ஒரு நாள் வேலைக்கு வரலைன்னா கூலி போறது மட்டுமில்ல, மேஸ்திரிக்கு அபராதமும் கட்டணும். மாசா மாசம் வர்ற வலிக்கும் வெள்ளைப்படுதலுக்கும் தனியார் கிளினிக்கில் சொல்லப்பட்ட தீர்வு, கருப்பையையே எடுப்பது.

கிளார்க் காலத்து ஆலைப் பெண்ணுக்கும் பீட் கரும்புக்காட்டுப் பெண்ணுக்கும் நடுவே 146 வருஷம்.

சரி, வரலாற்றுக்குத் திரும்பலாம்.

"அந்த நாட்களில் பெண்ணுக்கு மூளை மந்தமாகும், கை நடுங்கும், பொறுப்பான வேலையைக் கொடுக்கக் கூடாது" என்ற பேச்சு ஜேகோபிக்குப் பிறகும் ஓயவில்லை. 1914-ல் நியூயார்க்கில் லெட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியல் ஆய்வாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். இவர் ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நியூயார்க் வந்தபோது கல்யாணமான பெண்ணுக்கு அங்கே ஆசிரியர் வேலை கிடையாது என்று விதி. வேறு வழியில்லாமல் மேற்படிப்புக்குப் போனார். 23 பெண்களை எடுத்துக்கொண்டு கை நடுக்கம், விரல் வேகம், நிறங்களின் பெயரைச் சட்டென்று சொல்வது போன்ற சோதனைகளைத் திரும்பத் திரும்ப வைத்தார். கூடவே 2 ஆண்களையும் சேர்த்தார். ஆண்களின் திறனும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் இல்லையா, அதையும் ஒப்பிட. மாதவிடாய் நாட்களில் திறன் குறைகிறது என்பதற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை.

அடுத்தது நம்ம ஊர்க் கதை போலவே இருக்கும்.

வியன்னாவில் பேலா ஷிக் என்று ஒரு குழந்தை மருத்துவர். சாதாரண ஆள் இல்லை, தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் தோல் சோதனையை உருவாக்கியவர். எம்பிபிஎஸ் படிச்ச எல்லாருக்கும் "ஷிக் டெஸ்ட்" தெரியும். ஒரு நாள் அவர் வீட்டுக்கு ரோஜாப் பூக்கள் வந்தன. வேலைக்காரப் பெண்ணிடம் தண்ணீரில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் பூக்கள் வாடிக் கிடந்தன. கேட்டதற்கு, "எனக்கு மாதவிடாய் நாள், நான் தொட்டால் இப்படித்தான் ஆகும்" என்றாராம் அந்தப் பெண். ஷிக் சில பெண்களின் கையில் பூவைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, மாதவிடாய் நாட்களில் பெண்ணின் தோல் வழியாக ஒரு விஷம் வெளியேறுகிறது என்று 1920-ல் கட்டுரையே எழுதிவிட்டார்.

நம்ம பாட்டி "ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, பூச்செடிக்குத் தண்ணி ஊத்தாதே, துளசி கருகிடும்"னு சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பாட்டிகிட்ட ஐரோப்பிய மருத்துவ இதழ் இல்லை. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் அமெரிக்காவில் "மெனோடாக்சின்" என்று பேர் வைத்து, ரத்தத்தைச் செடி நாற்றுகள் மேல் சோதிச்சுப் பார்த்தார்கள். 1970-களில் கூட மருத்துவ இதழில் இதுபற்றிக் கடிதம் எழுதிக்கொண்டு இருந்தார்கள். வெயில், தண்ணீர், பூ பறித்த நேரம் என்று எதையும் சரியாக ஒப்பிடாத சோதனைகள். அப்படி ஒரு விஷம் இல்லை. இன்றைக்கும் யாராவது வாட்ஸ்அப்பில் "விஞ்ஞானமே நிரூபிச்சிருக்கு"ன்னு அனுப்பினா, அந்த விஞ்ஞானத்தோட முகவரி இதுதான்.

இதில் அழகான திருப்பம் ஒன்று இருக்கு. 1957-ல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வாளர் மாதவிடாய் ரத்தத்தை வேறு கேள்வியோடு பார்த்தார். விஷம் இருக்கிறதா என்று அவர் தேடவில்லை. வலி ஏன் வருகிறது என்று தேடினார். தசையைச் சுருங்க வைக்கும் ஒரு பொருள் அதில் இருப்பதைக் கண்டுபிடித்தார். பின்னால் அது புரோஸ்டாகிளாண்டின் என்று தெரிந்தது. கருப்பையின் உள் சவ்வு உதிரும்போது இது வெளிப்பட்டு, கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. வலி அங்கிருந்துதான் வருகிறது. சிலருக்கு அதே பொருளால் வாந்தி, பேதி, தலைவலி எல்லாம் வரும். 1971-ல் ஜான் வேன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் இந்தப் பொருள் உருவாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982-ல் அவருக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஆய்வு செய்த இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. மெஃபனமிக் ஆசிட், இபுபுரோஃபென் போட்டால் வலி குறைவது இப்படித்தான்.

அதுவரைக்கும் பல டாக்டர்கள் இந்த வலியை என்ன சொல்லி அனுப்பினாங்க தெரியுமா? மனசுதான் காரணம். பெண்ணாக இருப்பதை அவள் உள்ளுக்குள் ஏற்கவில்லை. கல்யாணம் ஆனா சரியாகும். கடைசி வரியை நீங்களும் கேட்டிருப்பீங்க.

ஆங், அந்த 1957 ஆய்வாளர் பெயரைச் சொல்ல மறந்துட்டேனே. வெர்னன் பிக்கிள்ஸ். ஊறுகாயேதான்!

அடுத்து வருவது கணக்கில் வந்த மாபெரும் குளறுபடி. "பாதுகாப்பான நாள்" என்று எல்லாரும் கேட்கிறீங்களே, அதன் கதை.

19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள், கருமுட்டை வெளிப்படுவது மாதவிடாயை ஒட்டித்தான் என்று நம்பினார்கள். காரணம், நாய். பெண் நாய்க்கு ரத்தம் கசியும் காலத்தை ஒட்டித்தான் அது கருத்தரிக்கும். பெண்களுக்கும் அப்படியே இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் குழந்தை வேண்டாம் என்று வந்த தம்பதியிடம், மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் விலகி இருங்கள், மாதத்தின் நடுப்பகுதி பாதுகாப்பானது என்று ஆலோசனை சொன்னார்கள்.

மறுபடி படிங்க. மாதத்தின் நடுப்பகுதி. கருத்தரிக்க அதிக வாய்ப்புள்ள நாட்களைப் பாதுகாப்பான நாட்கள் என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த அறிவுரையை நம்பிப் பெத்த பிள்ளைகள் எத்தனையோ!

இதைத் திருத்தியவர் ஜப்பானின் நீகாட்டா நகரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்த கியூசாகு ஓகினோ. பெரிய ஆராய்ச்சிக்கூடத்து ஆள் இல்லை, நோயாளி பார்க்கிற டாக்டர். வேறு காரணங்களுக்காக வயிற்றைத் திறந்து அறுவை செய்யும்போது சூலகத்தின் நிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். பிறகு அந்தப் பெண்ணின் மாதவிடாய்த் தேதிகளோடு ஒப்பிடுவார். எல்லாரும் கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணிக் குழம்பிக்கொண்டு இருந்தபோது, இவர் அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினார். கணக்கு பொருந்தியது. சுழற்சி எத்தனை நாளாக இருந்தாலும், அடுத்த மாதவிடாய் தொடங்குவதற்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்னால் முட்டை வெளியாகிறது. 1924-ல் இதை வெளியிட்டார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாவுஸ் 1928-ல் தனியாக இதே திசையில் வந்து சேர்ந்தார்.

34 நாள் சுழற்சி கொண்ட அந்த மாணவிக்கு 14-ஆம் நாள் முட்டை வெளியாகாது. 20-ஆம் நாளை ஒட்டித்தான் வெளியாகும். 28 நாள் அட்டவணையில் மீதி ஆறு நாளைக் கடைசியில் ஒட்ட வைக்க முடியாது. அந்த ஆறு நாள் பெரும்பாலும் முன் பாதியில்தான் கூடும்.

ஓகினோவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. அவர் கண்டுபிடித்ததைக் கருத்தடை முறையாக உலகமே எடுத்துக்கொண்டது. அவரோ அதை நம்பிக் கருத்தடை செய்ய வேண்டாம், குழந்தை வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது உதவும் என்று சொன்னவர். காரணம் எளிது. அடுத்த மாதவிடாய் என்றைக்கு வரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

இந்தியாவும் இதை முயன்று பார்த்தது. சுதந்திரம் கிடைத்த புதிதில் சுகாதார அமைச்சராக இருந்த ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியவாதி. செயற்கைக் கருத்தடை அவருக்கு உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மூலம் அமெரிக்க மருத்துவர் ஆப்ரகாம் ஸ்டோன் வந்தார். டெல்லியின் லோதி காலனியிலும், பெங்களூரு பக்கத்தில் இருக்கும் ராமநகரத்திலும் சோதனை. பெண்களுக்கு வண்ண மணிகள் கோத்த மாலை கொடுத்தார்கள். தினமும் ஒரு மணியை நகர்த்தணும். ஒரு நிறம் பாதுகாப்பு, இன்னொரு நிறம் ஆபத்து. திட்டம் எடுபடவில்லை. கடைசி வரை சரியாகக் கடைப்பிடித்தவர்கள் ரொம்பக் குறைவு.

அந்தப் பெண்களைக் கிண்டல் செய்து எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோணலை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கிட்டு, பாதி வயிறு சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற பெண்ணுக்குச் சுழற்சி மணி மாதிரி வரிசையாவா வரும்? வந்தாலும், இன்னைக்கு ஆபத்து மணின்னு அவள் சொன்னா கேட்கிற புருஷன் எத்தனை பேர்?

இன்றைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று சுருக்கமாகப் பார்ப்போம். 2019-ல் ஒரு மொபைல் செயலியில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்தார்கள். சராசரி 29.3 நாள். 28 நாள் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கும் வசதியான எண், நாலு வாரமாகப் பிரிக்கத் தோதான எண். உடற்பயிற்சிக்கும் சுழற்சிக்கும் உள்ள தொடர்பு குறித்து 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் 2020-ல் வந்தது. ரத்தப்போக்கின் ஆரம்ப நாட்களில் உடல் திறன் மிக லேசாகக் குறையலாம். ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது, எல்லாப் பெண்களுக்கும் பொதுவான அட்டவணை போட முடியாது, ஒவ்வொருவரும் தன் உடம்பைப் பார்த்து முடிவு செய்வதே சரி என்றார்கள். விதைகளுக்கு அந்த அளவு ஆய்வுகூட இல்லை. எள்ளுருண்டை நல்ல பண்டம், எந்த வாரம் வேணாலும் சாப்பிடுங்க.

"அப்ப மாதவிடாய்க்கு முன்னாடி எரிச்சல், அழுகை வருதே, அதுவும் பொய்யா டாக்டர்?" பொய் இல்லவே இல்லை. 1931-ல் ராபர்ட் ஃப்ராங்க் அதை விவரித்தார். 1953-ல் இங்கிலாந்தில் கத்தரீனா டால்டன், சக மருத்துவரோடு சேர்ந்து அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். தனக்கு மாதா மாதம் வந்த ஒற்றைத் தலைவலி கர்ப்ப காலத்தில் காணாமல் போனதைக் கவனித்துத்தான் அவர் இந்தப் பக்கம் வந்தார். அதன் தீவிர வடிவத்தை 2013-ல் மனநல மருத்துவக் கையேடு தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. அதை உறுதி செய்யும் முறையைப் பாருங்க: குறைந்தது ரெண்டு சுழற்சிக்கு, தினமும், அந்தப் பெண்ணே குறித்து வைத்த குறிப்பு வேணும். ஸ்கேன் கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது.

அதனால உங்க கணக்கை நீங்களே எழுதுங்க. செயலி இருந்தா சரி, இல்லாட்டியும் ஒண்ணும் குறைஞ்சிடலை. நம்ம வீட்டுச் சமையலறையில் நகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். அதில் பால் கணக்கு இருக்கும், சிலிண்டர் மாத்தின தேதி இருக்கும். அது பக்கத்துலயே ஒரு வட்டம் போடுங்க.

வட்டம் போட வேண்டியது ரத்தம் பட்ட முதல் நாளில். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ஓபியில "கடைசியா எப்பம்மா வந்துச்சு?"ன்னு கேட்டா, நிறைய பேர் தலைக்குக் குளிச்ச நாளைத்தான் சொல்வாங்க. "ஆடிப்பெருக்குக்கு மறுநாள் குளிச்சேன் டாக்டர்." குளிச்சது மூணாவது நாளா, அஞ்சாவது நாளான்னு தோண்டிக் கேட்கணும். கர்ப்ப காலத்தில் பிரசவத் தேதி போடுறதே இந்த முதல் நாளை வெச்சுத்தான். அப்புறம் எத்தனை நாள் போச்சு, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் நனைஞ்சுது, வலிக்கு மாத்திரை போட வேண்டி வந்துச்சா, வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாம போச்சா. இவ்வளவு குறிச்சா போதும். மனசு சரியில்லாத நாளுக்கு ஒரு சின்னப் புள்ளி.

அந்தக் காலண்டரைப் பார்த்து எப்ப வரணும்? 21 நாளுக்குள்ள திரும்பத் திரும்ப வந்தாலோ, 35 நாளைத் தாண்டிக்கிட்டே போனாலோ வாங்க. வயசுக்கு வந்த முதல் ரெண்டு மூணு வருஷம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா மூணு மாசமா வரவே இல்லைன்னா காட்டணும். எட்டு நாளுக்கு மேல போறது, மணிக்கு ஒரு நாப்கின் நனையறது, பெரிய கட்டிகளா வர்றது எல்லாம் இயல்பு இல்லை. மாத்திரைக்கும் அடங்காம பிள்ளையைச் சுருட்டிப் போடுற வலின்னா எண்டோமெட்ரியோசிஸ் இருக்கான்னு பார்க்கணும், "கல்யாணம் ஆனா சரியாகும்"னு சொல்லி வருஷத்தை ஓட்டாதீங்க. மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு துளி பட்டாலும் அந்த வாரமே வாங்க, தள்ளிப் போடக்கூடாத விஷயம் அது. வலி மாத்திரையை வெறும் வயித்துல போடாதீங்க. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தா எங்களைக் கேட்காம போடவே போடாதீங்க.

ஜேகோபி பற்றி ஒரு தகவல் விட்டுப்போச்சு. அவருக்கு மூளை உறையில் கட்டி வந்தது. தன் உடம்பில் என்னென்ன அறிகுறி எப்போது எப்படி ஆரம்பித்தது என்று கவனித்து, நோயாளியே எழுதிய குறிப்பாக, மருத்துவக் கட்டுரை எழுதி வைத்துவிட்டு 1906-ல் இறந்துபோனார்.

அரசு மருத்துவமனையில் மகப்பேறு ஓபி காலையிலேயே ஆரம்பிச்சிடும். வரும்போது அந்தக் காலண்டரைக் கழட்டி மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டு வாங்க. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா இருந்தா மேசை மேல வைங்க, மீதியை நாங்க கேட்டுக்கறோம்.